ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறோம்... எவ்வளவு குணமாகும் என்று கேட்கிறோமா?

பட்டினப்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் நோக்கிப் போகும் மெரினா லூப் ரோட்டை ஒட்டி இருக்கிறது நொச்சிக்குப்பம். ஃபைபர் படகுகள் கரையேறியதும் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, இறால் என்று வியாபாரம் சூடுபிடிக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள், நடுவில் 2024-ல் திறக்கப்பட்ட புதிய மீன் அங்காடி. இங்கே ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, கோஷா ஆஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்லும் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனை எல்லாமே சில கிலோமீட்டர் தூரத்துக்குள்தான். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பெரிய தனியார் மருத்துவமனைகள் உண்டு.

ஆனால், பக்கத்தில் இத்தனை ஆஸ்பத்திரி இருப்பதாலேயே எந்த சிகிச்சையை எடுத்துக்கொள்வது என்ற குழப்பம் தீர்ந்துவிடாது.

இந்தக் கரையில் மீன் விற்கும் ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். முழங்கால் வலி நாலைந்து வருடமாக இருக்கிறது. இப்போது மாடிப்படி ஏற முடியவில்லை. "மூட்டு மாத்திட்டா சரியாயிடும்மா" என்கிறார் டாக்டர். அந்த அம்மாவின் முதல் கேள்வி "எவ்ளோ ஆவும் டாக்டர்?" அடுத்தது "கார்டுல வருமா?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு தரையில் உட்கார்ந்து மீன் வெட்ட முடியுமா, எத்தனை மாதம் வியாபாரம் நிற்கும், ஆறு மாதம் தள்ளிப்போட்டு வேறு வழி பார்த்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் டாக்டர் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேறு. நொச்சிக்குப்பத்தில் மட்டுமல்ல, தி.நகரிலும் அடையாறிலும் இருக்கும் படித்த குடும்பங்களிலும் இதே கதைதான்.

பில்லில் வராத செலவு

ஆஸ்பத்திரி பில் என்பது செலவின் ஒரு பகுதி. மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. படுக்கையில் இருந்தாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். கடலை நம்பியும் கூடையை நம்பியும் இருப்பவர்களுக்கு ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாளின் வருமானம் போய்விட்டது. ஒரு மாதம் தொடர்ந்து வராவிட்டால் வாடிக்கைக்காரர்கள் பக்கத்துக் கடைக்குப் பழகிவிடுவார்கள். கூடத் துணைக்கு இருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ வேலை போகும். ஆட்டோ செலவு, ஆஸ்பத்திரி வாசலில் சாப்பாட்டுச் செலவு, வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரைச் செலவு என்று வரிசையாக வரும்.

இதையெல்லாம் சமாளிக்க நகையை அடகு வைத்தால் அதற்கு வட்டி. நகை இல்லாதவர்கள் மீட்டர் வட்டிக்கு வாங்கினால் அசலைவிட வட்டி பெரிதாகிவிடும். படகு எஞ்சினையோ வலையையோ விற்று வைத்தியம் பார்த்தால் நோய் குணமான பிறகு பிழைக்க வழி இருக்காது. அதனால் ஒரு சிகிச்சையின் செலவை எழுதும்போது பில், போக்குவரத்து, இழந்த வருமானம், வட்டி, பின்னால் வரும் மாத்திரை என்று ஐந்து வரியாவது எழுத வேண்டும்.

பலனையும் இதேபோல உடைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சிகிச்சை உயிரைக் காப்பாற்றலாம். உயிர் போகும் ஆபத்து இல்லாத இடத்தில் வலியைக் குறைக்கலாம். பழைய வேலைக்குத் திரும்ப வைக்கலாம். வேறு சில, மனசுக்கு நிம்மதி தருவதோடு சரி. "நல்லது" என்று ஒரே வார்த்தையில் சொன்னால் இவற்றில் எது என்று தெரியாது.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. "இந்த மருந்து ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்" என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். நூறு பேரில் நாற்பது பேருக்கு வரக்கூடிய ஆபத்து இருபது பேராகக் குறைந்தாலும் பாதிதான். நூறு பேரில் இரண்டு பேருக்கு வரக்கூடியது ஒருவராகக் குறைந்தாலும் பாதிதான். முதலாவதில் இருபது பேர் தப்பிக்கிறார்கள், இரண்டாவதில் ஒருவர்தான். எனவே "என்னைப் போல நூறு பேர் இதைச் செய்துகொண்டால் எத்தனை பேருக்குப் பலன்? செய்துகொள்ளாவிட்டால் எத்தனை பேருக்கு?" என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

உலகத்துக்குச் சென்னை கற்றுக்கொடுத்த பாடம்

இப்படிக் கேட்பது டாக்டரை மதிக்காத செயல் அல்ல. டாக்டர்களே தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்ட கேள்வி இது. அதற்கு மிகச் சிறந்த உதாரணம் நம் சென்னையிலேயே இருக்கிறது.

1950-களில் காசநோய் என்றாலே குலை நடுங்கும். நோயாளியை ஊருக்கு வெளியே நல்ல காற்று வீசும் இடத்தில் உள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் சேர்க்க வேண்டும், முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி என்று சத்தான சாப்பாடு தர வேண்டும் என்பதுதான் அன்றைய மருத்துவம். தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரயில் நிலையத்துக்கு இன்றும் 'சானடோரியம்' என்றே பெயர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிக்கல் என்னவென்றால், நாட்டில் இருந்த காசநோயாளிகளின் எண்ணிக்கைக்கும் சானடோரியப் படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. அதற்குள் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மாத்திரைகள் வந்துவிட்டன. மாத்திரைதான் குணப்படுத்துகிறது என்றால் வீட்டிலேயே வைத்துக் கொடுத்தால் போதாதா?

இந்தக் கேள்விக்கு விடை காண 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்திய முயற்சி. தலைமை ஏற்றவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலப் பிரித்தார்கள். அப்படிச் செய்தால்தான் இரண்டு தரப்பும் சமமாக இருக்கும். இருவருக்கும் ஒரே மருந்துகள், பன்னிரண்டு மாதம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ்களின் கவனிப்பு. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான ஒண்டுக்குடித்தனம், கிடைத்த சாப்பாடு. பலர் இடையிலேயே வேலைக்கும் போனார்கள்.

1959-ல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இரு தரப்பின் நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நோயாளி வீட்டில் இருந்ததால் கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றிவிடவும் இல்லை. இன்று உலகம் முழுக்கக் காசநோயாளிகள் வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் அதற்கு அடித்தளம் போட்டது இந்தச் சென்னை ஆய்வு. அந்த மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஒரு குடும்பத்துக்கு இதனால் என்ன மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வருடம் அம்மா வீட்டில் இல்லை, குழந்தைகளைப் பார்க்க ஆள் இல்லை, அப்பாவின் சம்பாத்தியம் இல்லை என்ற நிலை மாறியது. அந்தச் செலவு எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் எழுதப்பட்டிருக்காது.

இந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. வீட்டு வைத்தியம் என்றால் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு மறந்துவிடவில்லை. திடீரென்று வீட்டுக்கே போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று உறுதி செய்தார்கள். செலவு குறைந்த சிகிச்சை பலித்ததற்கு அந்த ஒழுங்கும் ஒரு காரணம்.

ஒரே ஸ்டென்ட், இரண்டு கணக்கு

இந்தப் பாடத்தை இன்றைய சிகிச்சைகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். முதலில் இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்.

மாரடைப்பு வந்து ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருக்கும்போது அடைப்பை உடனே திறப்பது உயிரைக் காப்பாற்றும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் கூடிப் பேசி முடிவெடுக்க அப்போது நேரமில்லை.

வேகமாக நடந்தால் மட்டும் நெஞ்சு பிடிக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது, மாதக்கணக்கில் இப்படியே இருக்கிறது என்றால் அது வேறு. இந்த நிலையான நெஞ்சுவலிக்கு ஸ்டென்ட் வைப்பதையும் மாத்திரை சிகிச்சையையும் ஒப்பிட்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,287 பேரிடம் நடந்த 'கரேஜ்' ஆய்வின் முடிவு 2007-ல் வந்தது. மரணமோ மாரடைப்போ ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் குறையவில்லை. அதன்பிறகு இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்த 'இஸ்கீமியா' ஆய்வு 2020-ல் வெளியானது. அதிலும் உடனடியாக ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்ததால் உயிரிழப்பு குறையவில்லை. ஆனால் அடிக்கடி நெஞ்சுவலி வந்துகொண்டிருந்தவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது.

ஆக, மாரடைப்பில் ஸ்டென்ட்டின் பலன் உயிர். நிலையான நெஞ்சுவலியில் பெரும்பாலும் அதன் பலன் வலி குறைவது. வலி குறைவதும் பெரிய விஷயம்தான். தலைச்சுமையாகக் கூடை தூக்குபவருக்கு அது அவசியமாகவே இருக்கலாம். ஆனால் "இன்றைக்கே வைக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை" என்று நினைத்து அவசரமாக நகையை விற்க வேண்டிய நிலை அது அல்ல. இடதுபக்க முக்கியக் குழாயில் பெரிய அடைப்பு, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் மிகவும் குறைந்திருப்பது போன்ற நிலைகளுக்கு இந்த ஆய்வுகள் பொருந்தாது. உங்களுடையது எந்த வகை என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

விலையிலும் ஒரு மாற்றம் நடந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் உச்ச விலையை வரி நீங்கலாக 29,600 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதற்கு முன் லட்சத்தைத் தாண்டியும் விற்றுக்கொண்டிருந்தது. இப்போது அந்த உச்ச விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் கட்டுப்பாடு தொடர்கிறது. பில்லில் ஸ்டென்ட்டின் பெயரும் விலையும் தனியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முழங்கால்: எப்போது மாற்றுவது?

நம் மீன் விற்கும் அம்மாவிடம் வருவோம். மூட்டு மாற்று ஆபரேஷன் நல்ல ஆபரேஷன். சரியான ஆளுக்குச் செய்தால் வலி பெரிய அளவில் போகும். மாற்றிய மூட்டுகளில் பத்தில் எட்டு, 25 ஆண்டுகள் கூட நீடிக்கின்றன என்று 2019-ல் வந்த ஆய்வு சொல்கிறது.

டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. பாதிப் பேருக்கு மூட்டு மாற்றி, கூடவே உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மாத்திரை எல்லாம் கொடுத்தார்கள். மீதிப் பாதிக்கு ஆபரேஷன் இல்லாமல் மற்றவை மட்டும். ஓராண்டில் ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு 85 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், செய்யாதவர்களில் நூற்றுக்கு 68 பேருக்கு. ஆபரேஷன் தரப்பில் முன்னேற்றத்தின் அளவும் அதிகம், ரத்தம் உறைதல், மூட்டு இறுகிப்போதல் போன்ற பெரிய சிக்கல்களும் அதிகம். ஆபரேஷன் செய்யாத தரப்பில் நான்கில் ஒருவர்தான் அந்த ஆண்டுக்குள் ஆபரேஷனுக்குப் போனார். மற்ற மூவருக்கு அந்த ஒரு வருடம் ஆபரேஷன் இல்லாமலே ஓடிவிட்டது.

எனவே முறையான பிசியோதெரபியும் எடைக் குறைப்பும் முயன்று பார்க்காதவருக்கு "கொஞ்ச காலம் முயன்று பார்க்கலாமா?" என்று கேட்பது நியாயம். முயன்றும் இரவில் தூங்க முடியாத வலி, நடக்க முடியாத நிலை என்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதில் லாபமில்லை.

அடுத்தது, வேலை. மூட்டு மாற்றியவர்கள் சம்மணம் போடுவதையும் குத்துக்காலிட்டு உட்காருவதையும் தவிர்க்கச் சொல்வார்கள். தரையில் அருவாமனை போட்டு மீன் வெட்டுபவருக்கு இது பெரிய மாற்றம். உயரமான மேஜையும் ஸ்டூலும் வைத்து வியாபாரம் செய்ய வசதி இருந்தால் ஆபரேஷனின் பலன் முழுதாகக் கிடைக்கும். அந்த ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டு ஆபரேஷன் தேதி குறிக்கலாம். தேதியிலும் கணக்கு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலுக்குப் போக முடியாத நாள்களில் எப்படியும் வியாபாரம் மந்தம். அவசரமில்லாத ஆபரேஷனை அந்த நாள்களில் வைத்துக்கொண்டால் இழக்கும் வருமானம் குறையும்.

மூட்டுத் தேய்மானத்துக்குச் சிறு துளை போட்டு உள்ளே கழுவிச் சுத்தம் செய்யும் சிகிச்சை ஒரு காலத்தில் மிகவும் பிரபலம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 180 பேரிடம் நடந்த ஆய்வு 2002-ல் வெளியாகி அதை ஆட்டம் காண வைத்தது. சிலருக்குத் தோலில் மட்டும் கீறி, உள்ளே எதுவும் செய்யாமல் தைத்துவிட்டார்கள். அவர்களுக்கும் உண்மையில் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை! செலவு முழுதாக, பலன் வெறும் நம்பிக்கை என்ற வகைக்கு இது ஓர் உதாரணம்.

இரண்டையும் செய்தால் இரண்டு மடங்கு பலனா?

"எதற்கும் இதையும் சேர்த்துச் செய்துவிடலாமே" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. இதற்கும் சென்னையிலேயே விடை இருக்கிறது.

சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 531 பேரை வைத்து டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இரண்டாவது குழுவுக்கு நடைப்பயிற்சி, சாப்பாட்டுக் கட்டுப்பாடு. மூன்றாவது குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது குழுவுக்கு இரண்டும். சுமார் இரண்டரை முதல் மூன்று ஆண்டுகளில் முதல் குழுவில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆகிவிட்டார்கள். மற்ற மூன்று குழுக்களிலும் 39, 40 பேர்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

அடுத்த ஆண்டு இதே குழு செலவையும் கணக்குப் போட்டது. ஒருவருக்குச் சர்க்கரை நோய் வராமல் தடுக்க, அன்றைய விலையில், நடைப்பயிற்சி வழியில் சுமார் 47,000 ரூபாய், மாத்திரை வழியில் சுமார் 49,000 ரூபாய், இரண்டும் சேர்த்தால் சுமார் 61,000 ரூபாய். பணம் கூடியது, பலன் கூடவில்லை.

சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டுச் சிறுநீரகம் பழுதானால் என்ன ஆகும் என்பது பலருக்கும் தெரியும். வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், போகவர நேரம் தனி. சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும் வாரத்தில் பாதி நாள் உழைப்பு போய்விடும். அதனுடன் ஒப்பிட்டால் தினசரி அரை மணி நேர நடையும் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான சாதாரண மாத்திரைகளும் மிகவும் மலிவான வைத்தியம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வலி இல்லை, மயக்கம் இல்லை என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துபவர்கள்தான் பிற்பாடு பெரிய பில் கட்டுகிறார்கள்.

யோசிக்கவே கூடாத நேரங்கள்

நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது. வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை கால் வராமல் போவது, பேச்சு குழறுவது. கர்ப்பிணிக்கு வலிப்பு அல்லது ரத்தப்போக்கு. குழந்தைக்கு மூச்சுத்திணறல். விபத்து. இவற்றில் எதுவானாலும் செலவு, பலன் என்று கணக்குப் போடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் நடப்பில் இருக்கிறது. சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. இங்கே தாமதம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு.

கடைசி நாள்களின் கணக்கு

பேசுவதற்கே கஷ்டமான இடம் இது. குணமாகும் கட்டத்தைத் தாண்டிவிட்ட நோயாளியை ஐ.சி.யூ.வில் வைத்துக் குழாய்கள் சொருகி நாள்களை நீட்டுவதா, வீட்டுக்குக் கூட்டிப் போவதா? "பெத்தவங்களுக்குச் செய்யாம இருந்தா ஊர் என்ன சொல்லும்?" என்ற பயத்தில் எத்தனையோ குடும்பங்கள் கடனாளி ஆகியிருக்கின்றன.

சிகிச்சையை நிறுத்துவது என்றால் கைவிடுவது என்று அர்த்தமில்லை. வலியைக் குறைத்து, மூச்சுத்திணறலைத் தணித்து, மனசுக்கு ஆறுதல் தரும் வலி நிவாரணச் சிகிச்சையும் ஒரு சிகிச்சைதான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே வலி நிவாரணச் சிகிச்சையும் பெற்றவர்களின் கடைசிக் கட்டத்தில் தீவிர சிகிச்சைகள் குறைவாக இருந்தன. அவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்தார்கள், சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் அதிகமாக வாழவும் செய்தார்கள். குறைவான சிகிச்சை என்றால் குறைவான வாழ்நாள் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தன் கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. 2023-ல் அதன் நடைமுறையை எளிமையாக்கியது. அப்பா அம்மா நல்ல நினைவோடு இருக்கும்போதே "உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டு வைத்துக்கொண்டால், பின்னால் அண்ணன் தம்பிகளுக்குள் சண்டையும் வராது, குற்ற உணர்ச்சியும் மிஞ்சாது.

கார்டு இருந்தால் எல்லாம் இலவசமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் பயன்படுத்தலாம். பெரிய வரப்பிரசாதம், சந்தேகமில்லை. ஆனால் அட்டை பெரும்பாலும் உள்ளே சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் உதவும். வீட்டுக்கு வந்தபின் இழக்கும் வருமானம், துணைக்கு இருப்பவரின் செலவு, மாதாமாதம் வாங்கும் மாத்திரை போன்றவை உங்கள் கையிலிருந்துதான். 'கார்டில் வருகிறது' என்பதற்காகத் தேவையில்லாத ஆபரேஷனைச் செய்துகொள்ளவும் கூடாது. உடம்பு நம்முடையது, வலியும் ஓய்வு நாள்களும் நம்முடையவை.

உங்கள் நோய்க்கு அட்டை செல்லுமா, எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதைச் சேருவதற்கு முன்பே 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுவிடுங்கள். மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளுக்கு மக்கள் மருந்தகம், 2025-ல் தொடங்கிய முதல்வர் மருந்தகம் போன்ற கடைகளில் விலை குறைவு. பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

அவசரம் இல்லாத எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். படிக்கத் தெரிந்த மகனையோ மகளையோ கூட அழைத்துப் போவது நல்லது.

1. இந்தச் சிகிச்சையால் எனக்கு என்ன பலன்: உயிருக்கா, வலிக்கா, வேலைக்குத் திரும்புவதற்கா?

2. என்னைப் போல நூறு பேர் செய்துகொண்டால் எத்தனை பேருக்கு அந்தப் பலன் கிடைக்கும்?

3. இதைவிடச் சின்ன சிகிச்சை ஏதாவது இருக்கிறதா? அதை முதலில் முயலலாமா?

4. இப்போது செய்யாமல் மூன்று மாதம் பொறுத்தால் என்ன ஆகும்?

5. என்னென்ன சிக்கல்கள் வரலாம்? வந்தால் அதற்கு எவ்வளவு செலவு?

6. எத்தனை நாளில் என் பழைய வேலைக்குத் திரும்பலாம்? எதையெல்லாம் இனிமேல் செய்யக் கூடாது?

7. மொத்தம் எவ்வளவு ஆகும், அதில் எவ்வளவு அட்டையில் போகும், பிறகு மாதாமாதம் எவ்வளவு?

பதில் தெளிவாக இல்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கத் தயங்க வேண்டாம். தனியார் மருத்துவமனையில் பெரிய ஆபரேஷன் சொன்னால் அரசு மருத்துவமனையில் அந்தத் துறை நிபுணரிடம் ரிப்போர்ட்டுகளைக் காட்டலாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளை எல்லாம் ஒரு ஃபைலில் தேதிவாரியாக வைத்திருந்தால் அதே பரிசோதனையைத் திரும்ப எடுக்கும் செலவு மிச்சமாகும்.

ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்த்து, அழுத்திப் பார்த்து, நாலு கடை ஏறி இறங்கி விலை பேசுகிறோம். யாரும் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. உடம்பு விஷயத்தில் நாலு கேள்வி கூடுதலாகவே கேட்கலாம். நல்ல டாக்டர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.